கானா வேலை

பம்பாயில், செம்பூரிலோ குர்லாவிலோ ஒரு கல்யாண வீட்டில் மஞ்சள் பூசுகிற அன்று மைக் செட்டு வாடகைக்கு எடுக்கவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணம்தான். வீட்டுக்காரர் கஞ்சனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட வருவது கோகிலவாணியாக இருக்க வேண்டும். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. அவள் கீழே வாய் திறந்தால் மூன்றாவது மாடியில் தூங்கும் பிள்ளை எழுந்து உட்காரும். அவளுடைய குழுவில் ஆறு பெண்கள், ஒரு டோலக். டோலக் அடிப்பவன் அவள் புருஷன் செல்வம். மராத்தி வீடானாலும் குஜராத்தி வீடானாலும் மாதுங்காவின் பாலக்காட்டுக்காரர் வீடானாலும் அந்தந்த மொழியில் பாடுவாள். எல்லாவற்றிலும் கொஞ்சம் திருநெல்வேலி வாடை அடிக்கும். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாய் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கோகிலவாணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். "பதினேழு வயசுல ஒரு வார்த்தையத் தப்பாக் கேட்டேன்" என்று ஆரம்பிப்பாள். மூலையில் உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா பூலோகம் உடனே டிவி சத்தத்தைக் கூட்டுவார். மகள் ஷ்ருதிக்கு இப்போது அதே பதினேழு. கதையை வரி பிசகாமல் கேட்டுக் கேட்டுப் பழகிப் போனதால் அம்மாவை முந்திக்கொண்டு சொல்வாள். செல்வம் மட்டும், "நான் சரியாத்தான் சொன்னேன்" என்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இதுதான்.

நடந்தது இது.

அப்போது அவர்கள் தாராவியில் இருந்தார்கள். பூலோகம் தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை பார்த்தார். அம்மா சொர்ணம்மாள் விடிவதற்குள் மாதுங்காவுக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய கோகிலா கையில்தான் வீட்டுச் சமையல். சொதி வைத்தாள் என்றால் வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு வருவார்கள். கைப்பக்குவம் அப்படி. குரல் வேறு விதம். பேருதான் கோகிலவாணி. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டுக்கு நிற்க வைத்தபோது டீச்சர், "நீ வாய மட்டும் அசை, போதும்" என்று சொன்ன குரல் அது.

சொர்ணம்மாளின் அண்ணன் மாரிக்கண்ணன் நாங்குநேரிப் பக்கம் ஊரில் இருந்தார். அவர் மகன் வெயிலுமுத்து கோகிலாவுக்கு முறைமாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். வெயிலுமுத்து மேல் எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள், தன் ஆடுகளோடு பேசியதில் பாதிகூட அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் கோகிலாவுக்குப் பம்பாயை விட்டுப் போக மனமில்லை. பிறந்தது இங்கே, சண்டை போட்டது இங்கே, கனவில் ஏசுவதுகூட இந்தியில். கல்யாணம் வேண்டாம் என்று அழுதாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். சமைத்தவளே சாப்பிடாமல் இருப்பது எத்தனை நேரம் தாங்கும், அதுவும் சொதி வைத்த அன்றைக்கு?

கடைசியில் பூலோகம்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். "சும்மா வேண்டாம்னு சொன்னா மச்சான் மொகத்துல எப்படிட்டி முழிக்கது? ஒனக்குன்னு ஒரு வேலை இருந்தா, புள்ள வேலைக்குப் போறா, இப்பம் கல்யாணம் வேண்டாம்னு வாய் தொறந்து சொல்லலாம். ஞாயித்துக்கெழம போன் போடுதேன். அதுக்குள்ள பாரு."

அது வியாழக்கிழமை. வேலை என்ன மரத்திலா காய்க்கிறது? தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் அவள் தோழி அஸ்ரின் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி கோகிலா, டோலக் அடிக்கான்லா செல்வம், அவன் சொன்னான். பன்வேல் பக்கம் ஒரு ஹல்தி வீடாம், மஞ்சப் பூசுத வீடு. கானாவுக்கு ஒரு பொண்ணு கொறையுதாம். நாளைக்குக் காலைல டெம்போ சயான்ல நிக்குமாம். நல்லா செஞ்சா நெரந்தர வேலையாம்!"

இங்கேதான் விஷயம். இந்தியில் மூச்சை அழுத்திச் சொன்னால் அது சாப்பாடு. க-வை மெலித்துச் சொன்னால் பாட்டு. நம் எழுத்தில் இரண்டும் கானாதான், நம் நாக்கிலும் இரண்டும் கானாதான். செல்வம் சொன்னது பாட்டு. அஸ்ரின் கொண்டுவந்தது கானா. கோகிலா கேட்டது சாப்பாடு. மூன்று பேரும் தமிழர்கள், யாரைக் குற்றம் சொல்ல?

வீட்டில், செம்பூரில் ஒரு விசேஷ வீட்டுச் சமையல் என்று மட்டும் சொன்னாள். ஊரைத் தாண்டிப் பன்வேல் என்றால் அம்மா காலை ஒடித்துவிடுவாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் சொர்ணம்மாள். மறுநாள் காலையில் பெரிய கரண்டி, அருவாமனை, இரண்டையும் துணிப்பையில் சுற்றிக்கொண்டு கோகிலா சயானுக்கு நடந்தாள்.

"போன் இல்ல, லொகேஷன் இல்ல, யார் டெம்போன்னும் தெரியல. பைத்தியமா மம்மி நீ?" என்று ஷ்ருதி இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஷ்ருதி காலேஜிலிருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தாலே கோகிலா குர்லா ஸ்டேஷனில் போய் நிற்கிறவள். அதனால் பதில் சொல்ல மாட்டாள். "கதையக் கேளு" என்பாள்.

டெம்போவில் முன்னால் மந்தாதாயி உட்கார்ந்திருந்தாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நெற்றியில் எட்டணா அளவு குங்குமம், மடியில் வெற்றிலைப் பொட்டலம். பாட்டுக் குழு அவளுடையது. பின்னால் இரண்டு பெண்களும் டோலக்கோடு செல்வமும்.

"கானா ஆத்தா ஹை ந?" என்று மந்தாதாயி கேட்டாள். கானா வருமில்லையா?

"ஆத்தா ஹை!" என்றாள் கோகிலா. இதில் என்ன சந்தேகம்!

டெம்போ கிளம்பியது. கோகிலாவுக்குத் தொழில் அக்கறை பிறந்துவிட்டது. எத்தனை பேருக்கு என்று கேட்டாள். ஐந்நூறு பேர் வருவார்கள் என்றாள் மந்தாதாயி. கோகிலா பையிலிருந்த ஒற்றைக் கரண்டியைத் தடவிப் பார்த்தாள். நான் மட்டுமா என்று கேட்டாள். இல்லை, நாங்கள் முன்னால் ஆரம்பிப்போம், நீ பின்னால் சேர்ந்துகொண்டால் போதும் என்று பதில் வந்தது. சரி, இந்த ஊரில் இவர்கள் தாளிப்பார்கள், நாம் கிண்டுவோம் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். செம்பூர் தாண்டும்போது ஒரு பள்ளத்தில் டெம்போ குதித்தது. பை சரிந்து கரண்டி செல்வத்தின் காலில் விழுந்தது.

"இது எதுக்கு?" என்றான் செல்வம்.

"பின்ன, கையாலயா கிண்டுவாங்க?"

"எதக் கிண்ட?"

"ஐந்நூறு பேருக்குக் கொழம்ப வாயாலயா வைப்பீங்க?"

செல்வம் கரண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். விஷயம் விளங்கி, டோலக்கின் மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான். முன்னால் இருந்த மந்தாதாயியிடம் சொன்னான். மந்தாதாயி திரும்பி, "அரே பேட்டீ, கானா! கானா நஹி, கானா!" என்றாள். எழுதிக் காட்டினாலும் விளங்காது, பாருங்கள். கோகிலா விழித்தாள். மந்தாதாயி வாயருகே கையை வைத்து மைக் பிடித்துக் காட்டியபோதுதான் புரிந்தது. காது சிவந்து போனது. இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

மந்தாதாயி நல்லவள். தேவ்நார் சிக்னல் பக்கம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும், பத்திரமாக வீட்டுக்குப் போ பேட்டீ என்று இந்தியில் சொன்னாள். கோகிலா பையை எடுத்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தாள்.

எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறினால் அரை மணியில் தாராவி. ஆனால் அந்தப் பஸ் தாராவியோடு நிற்காது என்று கோகிலாவுக்குத் தெரியும். அது ஞாயிற்றுக்கிழமை போன் வழியாக நேரே நாங்குநேரிக்குப் போய், ஆவணியில் மணவறையில் இறக்கிவிடும். இந்தப் பக்கம் டெம்போ. முன்பின் தெரியாத ஆட்கள், தெரியாத ஊர், வராத பாட்டு.  புத்தியுள்ள பெண் எவளாக இருந்தாலும் பஸ் ஏறியிருப்பாள். இன்றைக்கும் கோகிலா அதைத்தான் சொல்வாள்.

கீழே வைத்த காலை எடுத்து மறுபடியும் டெம்போவுக்குள் வைத்தாள்.

"தாயி, கானா ஆத்தா ஹை."

"கௌன்ஸா?" எந்தக் கானா என்று கேட்டாள் மந்தாதாயி.

"தோனோ" என்றாள் கோகிலா. இரண்டும்.

மந்தாதாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் குறைவு, பேசி முடித்த வீடு, நேரமும் ஆகிறது. பின்னால் நின்று கை தட்டினாலாவது போதும் என்று நினைத்திருப்பாள். வண்டியை எடுக்கச் சொன்னாள். வாஷிப் பாலத்தில் ஏறும்போது கோகிலா ஊரில் உள்ள அம்மன் அத்தனை பேரையும் கூப்பிட்டாள்.

கல்யாண வீடு பன்வேலைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்தது. தெருவை அடைத்துப் பந்தல். மாப்பிள்ளை மஞ்சள் அப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். பந்தலுக்குப் பின்னால் பெரிய பெரிய அண்டாக்களில் மீன் குழம்பு கொதித்தது. கோகிலாவின் கண் முதலில் அங்கேதான் போனது. மந்தாதாயி தோளைப் பிடித்து மைக் பக்கம் திருப்பினாள்.

முதல் மூன்று பாட்டுக்குக் கோகிலா பின்வரிசையில் கை தட்டினாள். டீச்சர் சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் வாயை மட்டும் அசைத்தாள். ஒன்றும் மோசம் போகவில்லை. நான்காவது பாட்டு நடுவில் கரண்ட் போனது.

அந்த நாளில் அந்தப் பக்கம் கரண்ட் போனால் திரும்பி வருவது அதன் இஷ்டம். ஸ்பீக்கர் பெட்டி ஊமையாகிவிட்டது. மந்தாதாயியும் மற்ற இரண்டு பெண்களும் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார்கள். மைக்கை நம்பியே வளர்ந்த குரல்கள், ஐந்நூறு பேர் இரைச்சலில் முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. ஜனங்கள் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் தொங்கிப் போனது. நல்ல காரியத்தில் பாட்டு பாதியில் அறுந்தால் எந்தத் தாய்க்கு மனசு ஆறும்? மந்தாதாயி திரும்பிக் கோகிலாவைப் பார்த்தாள். தோனோ என்று சொன்னாயே என்று கேட்கிற பார்வை.

கோகிலாவுக்கு ஒரு இந்திப் பாட்டும் முழுசாகத் தெரியாது. மராத்திப் பாட்டு சுத்தமாக வராது. தெரிந்தது ஒன்றே ஒன்று. தாராவியில் அம்மன் கோயில் கொடைக்குப் பெண்கள் கூடிப் போடுகிற குலவை. அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கைச் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, ஒரு குலவை போட்டாள்.

பந்தல் அப்படியே நின்றது. எழுந்தவர்கள் பாதி எழுந்தபடி நின்றார்கள். மீன் குழம்பு கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர் கையில் துடுப்போடு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இந்த மாதிரிச் சத்தத்தை அந்த ஊர் கேட்டதில்லை. கோகிலா கண்ணைத் திறந்து, எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும், பயத்தில் இன்னொன்று போட்டாள். அது முதலாவதைவிட நீளம். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கை தட்டினாள். பிறகு பந்தலே தட்டியது.

செல்வம் கெட்டிக்காரன். அந்தக் கைத்தட்டலிலேயே கும்மித் தாளத்தைப் பிடித்துவிட்டான். தாளம் விழுந்த பிறகு கோகிலாவுக்கு வாய் நிற்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் தமிழில் கோத்தாள்.

"மஞ்சக் கெழங்கரச்சு மாப்ளைக்குப் பூசுங்கடி
மணக்குற மீன்கொழம்ப மறக்காம எறக்குங்கடி!"

ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் வட்டம் கட்டிப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு குலவை. கிழவிகள் தாங்களும் நாக்கைச் சுழற்றிப் பார்த்து, ஒருத்தருக்கு வெற்றிலை எச்சில் தெறித்து, ஒருத்தருக்குப் பல்செட்டு நழுவி, பந்தல் முழுக்கச் சிரிப்பு. கரண்ட் திரும்பி வந்ததும் மைக் கீச்சென்றது. மாப்பிள்ளையின் அம்மாவே போய் அதை அணைத்துவிட்டு வந்து, "ஔர் ஏக்!" என்றாள். இன்னும் ஒன்று. கோகிலாவின் தொண்டை எரிந்தது, காலில் மஞ்சள், தலையில் பூ இல்லை, பூவெல்லாம் ஆட்டத்தில் உதிர்ந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதை அவள் இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வாள், பக்கத்தில் புருஷன் இருக்கும்போதே சொல்வாள்.

சாயங்காலம் தாராவி திரும்பியபோது பூலோகம் தெருமுனையில் நின்றிருந்தார். அஸ்ரின் வாயில் எதுவும் தங்காது. டெம்போ, பன்வேல், எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. மந்தாதாயி கூடவே இறங்கி வந்ததால் பூலோகம் கையை ஓங்கவில்லை.

"எங்கட்டி போயிருந்த?"

"கானாவுக்குப்பா."

"சமைக்கவா?"

"இல்லப்பா. பாட."

"பாட்டா? நீயா?" பூலோகத்துக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. சொர்ணம்மாள் உள்ளேயிருந்து, "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்! இவ பாடுனாளாம், ஐந்நூறு பேர் கேட்டாங்களாம்!" என்று கத்தினாள்.

மந்தாதாயிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நம்பவில்லை என்பது எந்த மொழியிலும் தெரியும். "சுனாவ்" என்றாள் கோகிலாவிடம். கேட்க வை.

கோகிலா அந்தச் சந்துக்குள் நின்று ஒரு குலவை போட்டாள். இரண்டு பக்கமும் தகரச் சுவர், சத்தம் போக வேறு வழியில்லை. கதவுகள் திறந்தன. யார் வீட்டில் விசேஷம், எந்தப் பெண் பெரிய மனுஷியானாள் என்று கேட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். பூலோகம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். மந்தாதாயி, இனி எல்லாச் சீசனுக்கும் இவள் என்னோடு வரட்டும், பொறுப்பு என்னுடையது என்று இந்தியில் சொன்னதைக் கேட்டார். உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்துக்கு மூன்று பேருமாகப் போனார்கள். கோகிலா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. பூலோகம் பொய் பேசத் தெரியாத மனுஷன். டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய அன்று செக்கரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு அபராதம் கட்டியவர். மச்சானிடம் போய், என் மகள் கல்யாண வீடுகளில் பாடப் போகிறாள் என்று சொன்னால், அந்தக் காலத்து மாரிக்கண்ணன் அடுத்த ரயிலில் ஏறி வந்து அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

"மச்சான், புள்ளைக்கு வேலை கெடச்சிட்டு. அதான் ஆவணி வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தார் பூலோகம்.

"என்ன வேலை மாப்ள?" மாரிக்கண்ணன் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது.

பூலோகம் உண்மையையே சொன்னார். "கானா வேலை."

மாரிக்கண்ணன் அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "கானாவா? எந்த... ஆப்பிரிக்காவுல இருக்கே, அந்தக் கானாவா?"

பூலோகம் வாயைத் திறந்தார். திருத்தத்தான் திறந்தார். கோகிலா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் உயிரில்லை. பூலோகம் மகளைப் பார்த்தார். "ஆமா மச்சான்" என்றார். "அந்தக் கானாதான்."

இந்த இடத்தில் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கோகிலாவும் சிரிப்பாள். வெளிநாட்டு வேலை என்றதும் ஊரே கல்யாணத்தை மறந்துவிட்டதையும், வெயிலுமுத்து அடுத்த தையிலேயே தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இன்றைக்கும் வருஷா வருஷம் முந்திரி அனுப்புவதையும், ஆப்பிரிக்காவில் வெயில் எப்படி என்று நான்கு வருஷம் ஊரார் விசாரித்ததையும் சொல்வாள். கதை முடிந்தது என்று எல்லாரும் எழுந்திருப்பார்கள். அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். சிரிப்பதற்காக மட்டும் அவள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. அவளுக்கு வேண்டியது இதற்குப் பிறகு வருவது.

பூத்துக்குள் சொர்ணம்மாள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், எங்கண்ணனிடமா பொய் சொல்கிறீர் என்று. பூலோகம் ரிசீவரைக் கையால் மூடி, "நான் எங்கட்டி பொய் சொன்னேன்? கேட்டாரு, ஆமான்னேன்" என்றார்.

அந்தப் பக்கம் மாரிக்கண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்புதீரே மாப்ள. சரி, எப்பத் திரும்பி வருவா?"

பூலோகம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். அந்த வீட்டில் அதுவரை யார் எப்போது எங்கே போவது என்பதை அவர் சொல்வார், இல்லாவிட்டால் மச்சான் சொல்வார். அவர் கோகிலாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அது அவ இஷ்டம் மச்சான்."

கோகிலா பூத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.